சித்திரைக்கு வரும் மகனுக்கு

அன்பு மகன்,

எல்லோரும் சுகம். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது.

கொழும்பில் களனிப் பாலத்தில் போகும்போதெல்லாம், அந்தக் காலத்தில் நம்ம மலைப் பக்கமும் படகு ஓடியிருக்குமா என்று நினைப்பதாகச் சொன்னாய். ஓடவில்லை. கெசல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் பாறைக்குப் பாறை குதித்து இறங்குகிற ஆறுகள். இரண்டும் சேர்ந்து களனி கங்கையாகி, யட்டியாந்தோட்டைப் பக்கம் போன பிறகுதான் பாரு என்கிற சரக்குப் படகு. தோட்டத்துச் சரக்கு அதில்தான் கொழும்புக்கு இறங்கியது. கோடையில் மணல் தட்டும், வெள்ளத்தில் எதிர்த்து ஏற முடியாது. 1903இல் யட்டியாந்தோட்டைக்கு ரயில் வந்தது, பாருத் தொழில் மெல்லப் படுத்துவிட்டது.

நம்ம மலையில் படகைக் கொண்டுவந்ததே அணைதான். 1960களில் காசல்ரீயில் தண்ணீர் தேங்கிய பிறகு, அக்கரையில் இருக்கிற தோட்ட டிவிஷன்காரர்களுக்குப் படகு குறுக்குவழியாகிவிட்டது. அதுவும் பருவம் பார்த்துத்தான். தை மாதம் தண்ணீர் அசையாமல் கிடக்கும், பயமில்லை. மாசி, பங்குனியில் மட்டம் இறங்கி, படகு கரைக்கு எட்டாமல் சேற்றிலேயே நின்றுவிடும். பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, முழங்கால் வரை புதைந்து நடக்கிறார்கள். அந்தப் பக்கம் மஸ்கெலியா ஓயாவை மறித்த மவுசாக்கலை அணையில் தண்ணீர் வற்றினால் மூழ்கிப்போன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். சனம் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வரும்.

சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் முடிந்து வைகாசி பிறந்தால் தென்மேற்குக் காற்று. அப்போதுதான் எனக்குப் பயம். அலை பக்கவாட்டில் அடிக்கும், பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாது, ஒருத்தர் பால்மா டின்னால் தண்ணீரை இறைத்துக்கொண்டே வருவார். அதே படகில்தான் பள்ளிக்கூடப் பிள்ளைகள் புத்தகப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ரோட்டால் சுற்றிப் போகலாம்தான், ஆனால் ஆட்டோ காசுக்கு எங்கே போவார்கள்? மின்சாரத்துக்காக நம்ம ஆற்றை மறித்தார்கள், இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல படகாவது தந்திருக்கலாம்.

சரி, சித்திரையில் நீ வரும்போது மட்டம் குறைவாகத்தான் இருக்கும். பெரியம்மா வீட்டுக்குப் படகில் போக நினைக்காதே, நோர்வூட் பஸ்ஸில் வா. பின்னேரம் இடி மழை பிடிக்கும், அதனால் காலையிலேயே கிளம்பிவிடு. புறக்கோட்டையில் சின்னப் பிள்ளைகள் போடுகிற லைஃப் ஜாக்கெட் என்ன விலை என்று விசாரித்து வை. சீட்டுக் காசு வைகாசிக்கு முன்னாடி கைக்கு வரும்.

அன்புடன்,
அம்மா