மீனுக்கு ஞாபகம் கிடையாது

ஷின்சூ, தைவான், ஞாயிறு இரவு

அன்புள்ள மாப்ள,

உன் மெயில் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். சரி என்று தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார், எனக்குத் தெரியும்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். "பையன் ஏதோ மீன் சுடுற மெஷின் முன்னாடி உட்கார்ந்து போட்டோ அனுப்பியிருக்கான், அது சூதாட்டமாடா?" என்று கேட்டிருந்தாய். அவனை அங்கே கூட்டிப்போனவனே நான்தான். அதனால் பதிலும் நான்தான் சொல்ல வேண்டும், அதுவும் முழுசாக. அடுத்த மாதம் நீ வரும்போது உன்னையும் அந்த மேசையில் உட்கார வைக்கப்போகிறேன் என்பதால் ஆடும் முறையையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஷின்சூவுக்குக் காற்று நகரம் என்றே பேர். வடகிழக்குப் பருவம் தொடங்கிவிட்டால் அடிக்கும் காற்றில்தான் இந்த ஊர்க்காரர்கள் அரிசி சேமியாவைக் காயவைப்பார்கள். சேமியாவுக்கு நல்லது, ஞாயிற்றுக்கிழமை வெளியே போக நினைக்கும் மனிதனுக்குக் கஷ்டம். சிங் ஹுவா பல்கலைக்கழக ஹாஸ்டலில் தனியாகக் கிடக்கிறானே என்று பையனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுவேன். சாப்பிட்டுவிட்டு ஒருநாள் கேம் சென்டருக்குப் போனோம். அங்கேதான் அந்த மேசை.

ஒரு கேரம்போர்டை நாலைந்து மடங்கு பெரிசாக்கி, பலகை இருக்கும் இடத்தில் டிவி திரையைப் படுக்க வைத்ததாக நினைத்துக்கொள். சுற்றிலும் எட்டுப் பேர் உட்காரலாம். ஆறு பேர் மேசை, பத்துப் பேர் மேசைகூட உண்டு. உன் இடது கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக், வலது கைக்குச் சுடும் பட்டன். நான் வழக்கமாக உட்காரும் இடத்தில் அந்தப் பட்டனின் நடுப்பகுதி தேய்ந்து பள்ளமாகவே ஆகிவிட்டது, எத்தனை ஆயிரம் கட்டைவிரல்களோ. திரையின் ஓரத்தில் உனக்கு நேராக உன் நிறத்தில் ஒரு பீரங்கி இருக்கும். நடுவே கடல். சின்ன மீன், ஆமை, திருக்கை, சுறா எல்லாம் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்க்கொண்டே இருக்கும். சீன மொழியில் இதற்குப் பூ-யூ-ஜி என்று பெயர், மீன்பிடி மெஷின் என்று அர்த்தம். பக்கத்து இருக்கைக்கு வரும் வியட்நாம் பையன்கள் பான் கா என்பார்கள், மீன் சுடுதல். உலகமெல்லாம் பேர் வாங்கிய ஓஷன் கிங் வரிசையைச் செய்யும் ஐஜிஎஸ் நிறுவனம் இங்கே நியூ தைபேயில்தான் இருக்கிறது, 1989-இல் தொடங்கியது.

முதலில் காசு எப்படிப் போகிறது என்று புரிந்துகொள். மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் கடையில் 100 தைவான் டாலருக்கு, அதாவது 300 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக, 10 டோக்கன். ஒரு டோக்கன் போட்டால் 10 புள்ளி ஏறும். அந்தப் புள்ளிகள்தான் குண்டு. பீரங்கியின் பலத்தை 1 என்று வைத்தால் ஒரு குண்டுக்கு ஒரு புள்ளி போகும், 10 என்று வைத்தால் பத்துப் புள்ளி. மீனுக்கு மீன் ஒரு மடங்கு உண்டு. 20 மடங்கு மீனை 1 புள்ளிக் குண்டால் வீழ்த்தினால் 20 புள்ளி, 10 புள்ளிக் குண்டால் வீழ்த்தினால் 200. இதைக் கேட்டதும் எல்லோருக்கும் தோன்றுவதுதான் உன் பையனுக்கும் தோன்றியது. பலத்தை ஒரேயடியாக ஏற்றிவிட்டுப் பட்டனிலிருந்து விரலை எடுக்காமல் சுட்டான். நொடிக்கு மூன்று நான்கு குண்டு பறக்கும். 300 டாலர் டோக்கன் அரை நிமிஷம் தாங்கவில்லை. முகம் வாடிப் போய்விட்டது அவனுக்கு.

ஆகவே நீ உட்கார்ந்ததும் பலத்தை 1-க்கு இறக்கு. பட்டனை அமுக்கிப் பிடிக்காதே, தட்டித் தட்டிச் சுடு. முதல் பத்து நிமிஷம் எந்த மீன் எவ்வளவு வேகம், எந்தக் கூட்டம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்ப்பதற்கு மட்டும். குண்டு எதிலும் படாவிட்டால் திரையின் சுவரில் மோதித் திரும்பி வரும், ஏதாவது மீன்மேல் படும்வரை ஓடும். அதனால் குறி தப்பியதே என்று பதறாதே. ஆனால் நீ சுறாவுக்கு விட்ட குண்டைக் குறுக்கே வரும் பொடிமீன் வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தான் குறியைப் பூட்டும் பட்டன் சில மேசைகளில் இருக்கிறது. ஒரு மீனைப் பூட்டினால் குண்டு அதற்கே போகும். நண்டுகளைக் கவனி. சில நண்டைக் கொன்றால் உன் பீரங்கி லேசராக மாறும், சிலது வெடித்துச் சுற்றியுள்ள மீன்களை அள்ளிக்கொடுக்கும். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் 'ஏய்!' என்று கத்துவது அந்த நேரத்தில்தான்.

இனி முக்கியமான விஷயம், மாப்ள. மதுரை தமுக்கத்தில் சித்திரைப் பொருட்காட்சியில் நீ பலூன் சுடுவாயே, ஞாபகம் இருக்கிறதா? துப்பாக்கிக் குழல் கோணல் என்று மூன்றாவது குண்டிலேயே கண்டுபிடித்து, இரண்டு விரற்கடை இடதுபக்கம் தள்ளிக் குறிவைத்து வரிசையாக உடைத்தவன் நீ. அங்கே பட்டால் உடையும். இங்கே அப்படி இல்லை. குண்டு படுவது ஒன்று, மீன் சாவது இன்னொன்று. இந்த மேசைகளில் பெரும்பாலும் ஒவ்வொரு குண்டு படும்போதும் மெஷின் உள்ளே ஒரு சீட்டுக் குலுக்கிப் பார்க்கிறது என்று வைத்துக்கொள். சீட்டு விழுந்தால் மீன் சாகும்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன். 20 மடங்கு மீனுக்கு ஒவ்வொரு குண்டிலும் சாக 20-இல் 1 வாய்ப்பு இருந்தால் உனக்கும் கடைக்கும் சரிசமம். கடை வாடகை கட்ட வேண்டுமே, 100-க்கு 5 எடுத்துக்கொள்கிறது என்று வைத்தால் வாய்ப்பு 4.75 சதவீதம். (கடைக்காரர் உள்ளே இருக்கும் செட்டிங்கில் இதைக் கூட்டிக் குறைக்க முடியும்.) அந்தக் கணக்குப்படி 20 குண்டு வாங்கியும் மீன் தப்பிக்க 100-க்கு 38 வாய்ப்பு. 40 குண்டுக்கும் தப்பிக்க 14. இதில் நம்மை ஏமாற்றும் இடம் எது தெரியுமா? 40 குண்டு வாங்கிய மீன் களைத்துப்போயிருக்கும், இன்னும் ரெண்டு போட்டால் விழுந்துவிடும் என்று கை துறுதுறுக்கும். 41-ஆவது குண்டிலும் அதே 4.75 தான். இப்போதுதான் திரைக்குள் நுழைந்த மீனுக்கும் அதேதான். நீ போட்ட குண்டு எதுவும் மீனுக்கு ஞாபகம் கிடையாது. பக்கத்து ஆள் நூறு குண்டு போட்டுவிட்டான், நாம் கடைசியாக ஒன்று போட்டு எடுத்துக்கொள்ளலாம் என்பதும் இதே மயக்கம்தான்.

நான் இதைச் சும்மா உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன வருஷம் ஒரு புதன்கிழமை வேலை முடிந்து தனியாகப் போனேன். ஒரு பெரிய முதலை வந்தது. அதைத் துரத்தி 1,500 டாலர் விட்டேன். ஒவ்வொரு டோக்கனும் போடும்போது 'இவ்வளவு போட்டாச்சே' என்பதுதான் மனசில் ஓடியது. முதலை ஓரமாக நீந்தி மறைந்துபோனது. வீட்டுக்கு வந்து அன்றிரவே இந்தக் கணக்கை நோட்டில் போட்டேன். மறுநாள் முதல் தனியாகப் போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். இன்றுவரை மீறவில்லை.

சூதாட்டமா என்று கேட்டாய் இல்லையா, மெஷினுக்கும் சூதுக்கும் நடுவில் இருப்பது கல்லாப்பெட்டிதான். தைவானில் 2000-ஆம் ஆண்டு கேம் சென்டர்களுக்கென்றே சட்டம் போட்டார்கள். ஜெயித்ததற்குப் பொருள் தரலாம், அதன் மதிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது. பணமாகத் தரவே கூடாது, கொடுத்த பொருளைக் கடையே திரும்ப வாங்கிக்கொள்ளவும் கூடாது. 18 வயது ஆகாதவர்களை உள்ளே விடாத கடைகள் ஒரு வகை, எல்லோரும் போகும் கடைகள் இன்னொரு வகை. நாங்கள் போவது இரண்டாவது. அங்கே ஜெயித்ததற்குக் கிடைக்கும் டிக்கெட்டைச் சேர்த்துக் கொடுத்தால் பொம்மை, பிஸ்கட் பாக்கெட் கிடைக்கும். இதே மேசையைப் போட்டுவிட்டுப் பின்னாடி பணம் எண்ணிக் கொடுத்தால் அது சூதுதான். அமெரிக்காவில் டெக்சாஸ் பக்கம் போலீஸ் மேசை மேசையாகத் தூக்கிக்கொண்டு போனது அதனால்தான். போனில் ஆடும் மீன் கேமுக்குக் காசு கட்டச் சொல்லி யாராவது லிங்க் அனுப்பினால் தொடவே கூடாது என்று பையனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். நீயும் ஒரு வார்த்தை சொல்.

அப்படியென்றால் ஏன் போகிறாய் என்று கேட்பாய். அந்த மேசையில் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உட்கார்ந்திருக்கிறோம், அதற்காகத்தான். எதிரே ஒரு பாட்டி வருவார், பேரனை மடியில் வைத்துக்கொண்டு. சின்ன மீனை மட்டும் சுடுவார், ஒரு டோக்கனில் யாரைவிடவும் அதிக நேரம் உட்காருவார். உன் பையன் அவரைப் பார்த்துத்தான் பலத்தை இறக்கக் கற்றுக்கொண்டான். அவனுக்குச் சீன மொழி இன்னும் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது, லேபில் வாயே திறக்கமாட்டான். அந்த மேசையில் பாட்டியிடம் அவனாக, 'இது என்ன மீன்?' என்று கேட்டான். பாட்டி மூன்று முறை சொல்லிக்கொடுத்து, அவன் சரியாகச் சொன்னதும் கைதட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஆளுக்கு 200 டாலர், அதற்குமேல் பர்ஸைத் திறப்பதில்லை. இது அவனும் நானும் பேசி வைத்துக்கொண்டது.

நீ வரும்போது நீளப் பக்கத்தில் நடு இருக்கை உனக்கு. அங்கிருந்து இரண்டு பக்கமிருந்தும் நுழையும் மீனைப் பார்க்கலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள், காற்று சும்மா விடாது. அப்புறம், தமுக்கத்தில் துப்பாக்கியோடு நாம் ரெண்டு பேரும் நின்று எடுத்த போட்டோ உன் அலமாரியில்தானே இருந்தது? தேடிக் கொண்டு வா. உங்கப்பா எப்படிச் சுடுவார் என்று நான் சொன்னால் பையன் நம்பமாட்டேன் என்கிறான்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்