செவலைக்கு அந்த ஊசியைப் போட்டுவிடு, கண்ணு

கண்ணு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன் கோழி செவலையின் கொண்டை வெளுத்துப்போயிருக்கிறது, வாலும் தொங்குகிறது. அதற்குப் பிறகு நான் கேட்ட எதற்கும் பதில் இல்லை, நீல டிக் மட்டும் விழுந்திருக்கிறது. சரி, வேலை இருக்கும். போனை எடுக்காவிட்டாலும் இதையாவது படித்துவிடு.

டாக்டர் சொன்ன ஊசியைப் போட்டுவிடு. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அரிசி அளவு மருந்தைத் தோலுக்கடியில் வைப்பார்கள், முட்டை வைக்கச் சொல்லும் ஹார்மோன் அடங்கிவிடும், சில மாதத்துக்கு அது பாட்டுக்குத் திரியும் என்று நீதானே அன்றைக்கு விளக்கினாய். முதல் ஒன்றிரண்டு வாரம் முட்டை வந்தாலும் பயப்படாதே, மருந்து முதலில் தூண்டிவிட்டு அப்புறம்தான் அடக்குமாம். அந்த முட்டையைச் சாப்பிட வேண்டாம், தூக்கிப் போட்டுவிடு. சில மாதம் கழித்து மருந்து தீர்ந்ததும் மறுபடி முட்டை வந்தால் மறுபடி போட வேண்டியிருக்கும், அதையும் இப்போதே டாக்டரிடம் பேசி வை.

கருப்பி போனதை மறக்க முடியுமா? மஞ்சள் கரு வரவேண்டிய வழியில் வராமல் வயிற்றுக்குள் விழுந்து சீழ் பிடித்து, காலை அகட்டி அகட்டி நடந்து, நீ டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போதே நாள் கடந்துவிட்டது. செவலையும் நான் அங்கே இருந்தபோதே ஒரு நாள் தோல்முட்டை போட்டது. கையில் எடுத்தேன், வெதுவெதுவென்று இருந்தது, விரலை வைத்தால் குழிந்தது. உன்னிடம் காட்டினேன், நீ ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

நாமக்கல் பக்கம் பிறந்து வளர்ந்தவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினாறு மணி நேரம் பல்பு எரிய, நாளுக்கொன்று இட்டு, 72, 80 வாரத்தில் முட்டை குறைந்ததும் லாரி ஏறுகிற கோழிகளைப் பார்த்துக்கொண்டேதான் நீ பள்ளிக்கூடம் போனாய். இந்தக் கோழிகளுக்கெல்லாம் பாட்டியான சிவப்புக் காட்டுக்கோழி வருஷத்துக்கு 10, 15 முட்டைதான் இடும். நம் வீட்டு நாட்டுக்கோழியும் ஒரு சுற்று இட்டதும் அவயத்துக்கு, அதான் அடைகாக்க, படுத்துவிடும், குஞ்சு பெரிதாகிப் பிரியும் வரை முட்டைப் பேச்சே கிடையாது. செவலை மாதிரிக் கோழிக்கு அந்த அவயத்தையே இல்லாமல் ஆக்கி, வருஷத்துக்கு 300 இடவைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஏறக்குறைய இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது, தீனியில் பற்றாவிட்டால் எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். எந்த உடம்பு தாங்கும் சொல்லு?

அதனால் முட்டை நிற்கும் வரை கிளிஞ்சல் தூளைக் குறைக்காதே, தனிக் கிண்ணத்தில் வை, வேண்டியதை அதுவே கொத்திக்கொள்ளும். சத்தைக் குறைத்தால் முட்டை நின்றுவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதே, எலும்பைக் கரைத்துக்கொண்டாவது இடும். தீனியைப் பிடித்துப் பட்டினியும் போடாதே. அந்தக் கொடுமையெல்லாம் முன்னே பண்ணைக்காரர்கள் செய்தது, அதுவும் இறகு கொட்டவைத்து மறுபடி முட்டை வாங்குவதற்காக. குளிருகிறது, இருட்டாக இருக்கிறது என்று கூண்டில் லைட் போட்டு வைக்காதே. டிசம்பரில் உங்கள் ஊரில் எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் இராது, அந்த இருட்டே அதற்கு ஓய்வு. தினமும் சாயங்காலம் தூக்கி, காலுக்கு நடுவே வயிற்றைத் தொட்டுப் பார். தண்ணீர்ப் பை மாதிரி இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடாதே. எல்லாவற்றுக்கும் முன்னால் ஊசியைப் போட்டுவிடு.

முட்டையே வைக்காத கோழிக்கு இவ்வளவு செலவா என்று அப்பா கேட்டார். முட்டைக்காகவா அவள் வளர்க்கிறாள் என்றேன். அதற்கு மேல் அவரும் ஒன்றும் பேசவில்லை. கழிக்கிற கோழியைக் கூட்டிக்கொண்டு வந்து, கோழி விலையைப் போலப் பல மடங்கு வைத்தியத்துக்குக் கொடுக்கிறாய் என்று இங்கே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குப் பெருமைதான். அத்தனை அக்கறையில் ஐந்து நிமிஷம் அம்மாவுக்கு ஒதுக்கினால் என்ன என்றும் தோன்றுகிறது.

மாப்பிள்ளை அப்பாவிடம் ஜாடையாகச் சொன்னார், அடுத்த மாதம் மறுபடி ஆஸ்பத்திரியில் தேதி வாங்கியிருக்கிறாய் என்று. அவரைக் கோபித்துக்கொள்ளாதே, அப்பாதான் துருவித் துருவிக் கேட்டார். நான் உன்னிடம் எதுவும் கேட்கப் போவதில்லை. போட வேண்டும் என்று நீ நினைத்தால் போடு, போதும் என்று தோன்றினால் நிறுத்திவிடு. ஊசி போட்ட இடம் கட்டிக்கொண்டால் வெந்நீர் ஒத்தடம் கொடு. செவலைக்குச் சொல்லவில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். உன் பெரியத்தையிடம் இனிமேல் யாரும் என் மகளிடம் விசேஷம் உண்டா என்று கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவங்க முகம் சுருங்கியது, சுருங்கட்டும்.

என் விசா இன்னும் முடியவில்லை. எந்தத் தேதி என்று மட்டும் அனுப்பு, வந்து ஒரு மாதம் சமைத்துப் போடுகிறேன், செவலையையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு மாவு அரைத்துக் கொடுக்க எதிர்வீட்டில் சொல்லியாயிற்று, இனி அதைச் சாக்கு வைத்து வேண்டாம் என்று சொல்லாதே.

ஊசி போட்டாயா என்று இன்றைக்கே ஒரு வரி போடு.

அம்மா