திரையை மூட வேண்டாம், ஒளியைக் குறைக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தோட்டக் கோயில்களிலும் மண்டபங்களிலும் இப்போது சின்னச் சின்னத் திரைகள் வந்துவிட்டன. சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலும் இளைஞர்கள் ஏழு அங்குலத் திரை ஒன்றை ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியோடு இணைத்து, பூஜை நேரம், உபயகாரர் பெயர், அன்றைய திதி எல்லாம் ஓட விட்டிருக்கிறார்கள். நல்ல காரியம். இருட்டிய பிறகுதான் தொல்லை. மலிவு விலைத் திரை என்பதால் ஒளியைக் குறைக்கப் பொத்தான் கிடையாது. சன்னதி விளக்கை மீறிக்கொண்டு எரியும். கும்பிட வந்த பெரியவர்கள் கண் கூசி முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். துண்டைப் போட்டு மூடிப் பார்த்தார்கள். அப்புறம், வேறு திரை வாங்கலாம் என்று பேச்சு வந்தது.

வாங்க வேண்டியதில்லை. இதே சிக்கலில் இருக்கும் மற்றக் கோயில்களுக்கும் மன்றங்களுக்கும் அதைச் சொல்லவே எழுதுகிறேன்.

எல்சிடி வகையைச் சேர்ந்த இந்தத் திரை தானாக ஒளிர்வதில்லை. பின்னால் இருக்கும் எல்இடி விளக்குகள்தான் ஒளி தருகின்றன. மென்பொருளில் படத்தை இருட்டாக்கினாலும் அந்த விளக்குகள் முழு ஒளியோடு எரிந்துகொண்டேதான் இருக்கும். கறுப்பு சாம்பலாகத் தெரிவது அதனால்தான். விளக்குக் கம்பியில், மின்னோட்டத்தைத் தடுக்கும் ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்துவிடு என்று சிலர் சொல்வார்கள். அதுவும் சரிப்படாது. விளக்கை ஓட்டும் சிப், மின்னோட்டத்தை ஒரே அளவில் வைத்திருக்க மின்னழுத்தத்தை உயர்த்திக்கொண்டே போகும். ரெசிஸ்டர் சூடாவதுதான் மிச்சம்.

பிடிக்க வேண்டியது அந்தச் சிப்பைத்தான். திரையின் பின்பலகையில், பெரும்பாலும் ஆறு காலோடு, காயில் எனப்படும் ஒரு கம்பிச்சுருளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதன் கால்களில் ஒன்று விளக்கை எரியவிடவும் அணைக்கவும் உள்ளது. பல பலகைகளில் அந்தக் காலை எள்ளளவு ரெசிஸ்டர் ஒன்றால் நிரந்தரமாக மின்சாரத்தோடு கட்டிவைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் அந்த ரெசிஸ்டரைச் சூடுகாட்டி எடுத்துவிட்டு, ராஸ்பெர்ரி பையின் 12-ஆம் முனையிலிருந்து, அதாவது நிரலால் இயக்கக்கூடிய ஜிபிஐஓ 18 என்ற முனையிலிருந்து, அந்தக் காலுக்கு மெல்லிய வயர் ஒன்றை இழுத்தார்கள். இரண்டு பலகைகளின் கிரவுண்டும், அதாவது மின்சாரம் திரும்பும் பொது இணைப்பும், சேர்ந்திருக்க வேண்டும். அந்த முனை 3.3 வோல்ட்தான் தரும். சிப் அதை ஏற்குமா என்று அதைத் தயாரித்தவர்கள் வெளியிடும் தகவல் தாளில் முதலில் பார்த்துவிட வேண்டும். விளக்கையே நேராக அந்த முனையில் மாட்டினால் கணினி கெட்டுவிடும்.

பிறகு பிடபிள்யூஎம் முறை. விளக்கை நொடிக்குப் பல நூறு தடவை அணைத்து அணைத்து எரியவிடுவது. 100 தடவைக்குக் கீழே போனால் கண்ணுக்கு மினுக்கல் தெரியும். அதற்காக அளவில்லாமல் கூட்டினாலும் சில சிப்புகள் ஈடுகொடுக்காது. அந்த எல்லையும் தகவல் தாளில் இருக்கும். எரியும் நேரத்தைப் பாதியாகக் குறைத்தால் ஒளி பாதியாகத் தெரியும் என்று நினைக்கக் கூடாது. நம் கண் அப்படிக் கணக்குப் போடாது. இரவுக்கு எரியும் நேரம் பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கினால்தான் இதமாக இருக்கிறது. நம் நாட்டில் வருடம் முழுக்க ஏழு, ஏழரை மணிவாக்கில் இருட்டிவிடுவதால், ஒளியை அளக்கும் உணரி எதுவும் தேவைப்படவில்லை. கடிகாரத்தை வைத்தே ஒளி தானாக இறங்குகிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்இடிக்கு முந்தைய காலத்துப் பழைய கணினித் திரைகளில் குழல்விளக்கு இருக்கும். அதற்குப் போகும் மின்னழுத்தம் பல நூறு வோல்ட். பிள்ளைகள் அதைத் திறக்கவே கூடாது.

இடைநிலைப்பள்ளியில் படிவம் இரண்டிலேயே மின்னணு வடிவமைப்பு பாடமாக இருக்கிறது. ஆனால் படித்ததைக் கையால் செய்து பார்க்க, தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு இடமும் வழிகாட்டியும் கிடைப்பது அரிது. கோயிலில் ஒரு மேசையும், ஒரு சால்டரிங் இரும்பும், மின்னழுத்தம் அளக்க ஒரு மல்டிமீட்டரும் இருந்தால் போதும், அவர்கள் செய்துவிடுகிறார்கள். நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். உங்கள் மாணவர் பக்கத்தில் இத்தகைய வேலைகளுக்கு வாரம் ஒரு மூலை ஒதுக்கும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். முதல் வாரத்துக்கு வேண்டிய மின்சுற்றுப் படத்தைத் தமிழில் குறித்து அனுப்ப எங்கள் பிள்ளைகள் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
கோயில் நிர்வாகக் குழுவில் உள்ள ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்