திருகோணமலைப் பாய்ப்படகுப் பயணம்: பதிவு செய்யுமுன்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஹட்டனில் மழை பிடித்ததும், ஓகஸ்ட் விடுமுறைக்குத் திருகோணமலையில் பாய்ப்படகு பதிந்தவர்கள் "கடலும் இப்படித்தானே இருக்கும், ரத்து செய்யலாமா?" என்று கேட்கிறீர்கள். வேண்டாம். நம் மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் இறங்கும் தென்மேற்குக் காற்றுதான் காய்ந்து, சூடேறி, கிழக்கில் கச்சானாக வீசுகிறது. கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரம் பெரிய அலை எழும்பாது. மே முதல் செப்டெம்பர் வரை அங்கே பருவம். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குக் காற்று நேரே கரைக்கு அடிக்கும். அந்த விடுமுறைக்கு யார் கேட்டாலும் நாங்கள் பதிவதில்லை. ஏப்ரல் புத்தாண்டு நாட்களில் கடல் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும், காற்றும் குறைவு. பாய்க்குக் காசு கட்டிவிட்டு எஞ்சினில் போவீர்கள்.

கச்சானிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடலுக்குள் போவது சுகம், திரும்புவதுதான் பாடு. பாய்ப்படகு காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. 45 பாகை அளவில் விலகி, இப்பக்கமும் அப்பக்கமுமாக, நம் மலைப்பாதை வளைந்து ஏறுவதுபோல் ஏற வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் போன தூரத்துக்கு, திரும்ப இரண்டு மணித்தியாலம் வையுங்கள். திமிங்கிலம் பார்க்க நேர் கிழக்கே போவதானால், எஞ்சின் எரிபொருள் கட்டணத்துக்குள் அடங்குமா என்று முதலில் கேட்க வேண்டும்.

முதல் தடவை போகிறவர்களுக்கு நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவே போதும். நகரக் கரையிலிருந்து வடக்கே ஏறத்தாழ 16 கிலோமீற்றர். மணிக்கு 9 கிலோமீற்றர் வேகத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குள் சேரலாம். காலையில் தரைக்காற்று பக்கவாட்டில் பிடிக்கும், பிற்பகல் கடற்காற்றில் திரும்பலாம். அது 2003 முதல் தேசியப் பூங்கா. நுழைவுச்சீட்டுக்குத் தனிக் கட்டணம். பவளப்பாறையில் கால் வைக்கக்கூடாது, நங்கூரமும் விழக்கூடாது.

படகிலேயே இரவு தங்குவோர் நங்கூரக் கயிற்றின் நீளத்தைக் கேளுங்கள். 5 மீற்றர் ஆழத்துக்குக் கயிறானால் 35 மீற்றர், முழுச் சங்கிலியானால் 25 மீற்றர் விட வேண்டும். குறைந்தால் இழுவை மேல்நோக்கிப் போய், நங்கூரம் மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். திருகோணமலைத் துறைமுகம் கரையை அண்டியே ஆழம் என்பதால் இதற்கேற்ற இடங்கள் குறைவு.

இரவெல்லாம் வளைவுகளில் குலுங்கி வந்து விடியவே படகில் ஏறாதீர்கள். வாந்திக்கு அதைவிட நிச்சயமான வழி இல்லை. முதல் நாளே போய்த் தூங்குங்கள். குமட்டல் குளிசையைப் புறப்படுவதற்கு ஒரு மணித்தியாலம் முன்பே போட வேண்டும், குமட்டிய பிறகு போட்டால் வயிற்றில் நிற்காது. வெறும் வயிறும் ஆகாது. குடிதண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 3 லீற்றர். குளிரில் பழகிய நமக்குத் தாகம் தெரியுமுன்பே கச்சான் உடம்பை வற்றவைத்துவிடும். சூட்கேஸ் வேண்டாம், மடிக்கக்கூடிய துணிப்பை கொண்டுவாருங்கள்.

பதியும்போது எல்லோருடைய அடையாள அட்டை இலக்கங்களையும் அனுப்புங்கள். பிள்ளைகளுக்கு வயதோடு நிறையையும் எழுதுங்கள்: உயிர்காப்பு அங்கி நிறையைப் பார்த்தே எடுக்கப்படுகிறது, பெரிதாக இருந்தால் தண்ணீரில் தலைக்கு மேலால் கழன்றுவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பயண முகவர்கள்,
ஹட்டன்