வள்ளிக்கு, ஒரு கண்ணாடிச் சுவர் குறித்து

பள்ளிக்கரணை,
ஐப்பசி மாதம்.

அன்புள்ள வள்ளிக்கு,

நலம். நீயும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் இரண்டு கடிதங்கள் என் மேசை இழுப்பறையில் பதில் காணாமல் கிடப்பது எனக்குத் தெரியும். அதை நினைவூட்ட நீ சுசீலாவைத் தூது அனுப்பியிருக்க வேண்டியதில்லை. இவருக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. செல்வி டொரன்டோவிலேயே வேறு அலுவலகத்திற்கு மாறிவிட்டாள். குடும்பச் செய்தி இவ்வளவுதான். இனி எழுதப் போவது முழுவதும் ஒரு சுவரைப் பற்றியது. ஆகவே காப்பி கலந்து எடுத்துக்கொண்டு உட்கார்.

எங்கள் குடியிருப்பின் பொது அரங்கத்தை இந்தக் கோடையில் இடித்துக் கட்டினார்கள் என்று தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? மேல்தளத்தில் உடற்பயிற்சிக் கூடம், கீழே கல்யாணம் காதுகுத்துக்கு வாடகைக்கு விடும் மண்டபம். இரண்டு தளத்திற்கும் சேர்த்து, தோட்டத்தைப் பார்த்த பக்கம் முழுவதும் கண்ணாடி பதித்துவிட்டார்கள். உள்ளே இருப்பவர் வெளியே பார்க்கலாம். வெளியே இருப்பவருக்குத் தம் முகமே தெரியும். எதிரில் ஒரு வேப்பமரமும் இரண்டு புங்கமரங்களும் செம்பருத்தி வேலியும் இருக்கின்றன. வெயில் ஏறியதும் அவை அத்தனையும் அந்தச் சுவருக்குள்ளும் தெரிகின்றன, வானத்தோடு சேர்த்து. திறப்பு விழாவன்று எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவரும்தான்.

சென்ற வாரம் இரவெல்லாம் பெய்த மழை விடிந்தபின் விட்டிருந்தது. பெருக்க வரும் முனியம்மா, குப்பை அள்ளும் முறத்தில் ஒரு பறவையை வைத்து எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டு வாசலுக்கு வந்தாள். ஆறுமணிக்குருவி. உங்கள் ஊர்த் தோப்பில் காலையும் மாலையும் அது கூவுவதை நாம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ஆனால் அதைக் கையகலத்தில் வைத்துப் பார்த்தது எனக்கு இதுவே முதல்முறை. முதுகு இலைப்பச்சை, நெஞ்சு சந்தன நிறம், அடிவயிறு குங்குமச் சிவப்பு, இறக்கையில் பளீரென்ற ஒரு நீலத் திட்டு, கண்ணை ஒட்டிப் பட்டையாகக் கறுப்பு. வால் இருக்கிறதா என்று தேட வேண்டும், அவ்வளவு குட்டை. உயிர் இருந்தது. அலகின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம் இருந்தது. ஒரு கண் மூடியே கிடந்தது. தண்ணீர் புகட்டக் கூடாது, அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று படித்திருந்ததால், ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து, இருட்டான அறையில் சத்தமில்லாமல் வைத்தேன். சில பறவைகள் ஓரிரண்டு மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். இது மதியத்திற்குள் இறந்துவிட்டது.

வள்ளி, அந்தப் பறவை எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. இமயமலை அடிவாரக் காடுகளிலும் வட, நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துவிட்டு, புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே நம் பக்கமும் இலங்கைக்கும் இறங்குகிற இனம் அது. பயணம் இரவில்தான். எத்தனையோ மலைகளையும் ஆறுகளையும் இருட்டில் கடந்து வந்து, விடியற்காலையில் களைத்துப் போய் ஒரு புதர் தேடும்போது, எங்கள் மண்டபச் சுவர் அதற்கு ஒரு தோட்டத்தைக் காட்டியிருக்கிறது. வலசைக் காலத்தில் இந்தக் குருவி நகரத்து வீடுகளின் பால்கனியிலும் மொட்டை மாடியிலும் விழுந்து கிடப்பதாக ஆண்டுதோறும் யாராவது சொல்வதுண்டு; அதற்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இதைவிட என்னை உலுக்கியது முனியம்மா சொன்ன செய்தி. “அழகா இருந்துச்சுன்னு இதக் கொண்டாந்தேன். மத்ததெல்லாம் இலையோட வாரிக் குப்பையில போட்டுருவேன்” என்றாள். மற்றதெல்லாம் என்றால்? சுவர் வந்ததிலிருந்தே விழுகின்றனவாம்: தேன்சிட்டுகள், கொண்டைக்குருவிகள், ஒருமுறை மீன்கொத்தி, புறாக்கள். நாமெல்லாம் எழுந்து நடைப்பயிற்சிக்கு இறங்குவதற்குள் தரை சுத்தமாகிவிடுகிறது. அவள் தவற விடுவதைக் காகமும் பூனையும் கொண்டுபோய்விடுகின்றன. அதனால்தான் “அப்படி ஒன்றும் நடப்பதில்லையே” என்று குடியிருப்போர் சங்கத்தில் அத்தனை பேரும் சத்தியம் செய்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணில் படவில்லை. இப்போது விழுவதை எல்லாம் ஒரு பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். எந்த நாள், எந்தப் பக்கம், என்ன பறவை என்று ஒரு நோட்டில் குறித்து வருகிறேன். விடுதியில் நாம் பூதம் என்று அழைத்த வார்டன் நம் வருகைப் பதிவைக் குறித்ததுபோல என்று நீ சிரிப்பாய், சிரி.

சங்கக் கூட்டத்தில் பேசினேன். செயலர் மரியாதையாகவே கேட்டார்: “ஏம்மா, பறவைக்குக் கண் தெரியாதா?” நம்மைவிட நன்றாகவே தெரியும். ஆனால் கண்ணாடி என்ற ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கதவுச் சட்டம், கைப்பிடி, அழுக்கு இவற்றைப் பார்த்து நாம் ஊகித்துக்கொள்கிறோம். நாமே சில நேரம் மூக்கை இடித்துக்கொள்கிறோம். மோதிய பறவை கழுத்து முறிந்து சாவதாகப் பொதுவாகச் சொல்வார்கள்; பெரும்பாலும் தலைக்குள் இரத்தம் கசிந்துதான் சாகிறது. மோதிவிட்டுப் பறந்து போனவற்றிலும் பல வேறெங்கோ போய் விழுகின்றன. அமெரிக்காவில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36.5 கோடி முதல் 98.8 கோடிப் பறவைகள் வரை சாவதாக 2014-இல் ஒரு மதிப்பீடு வந்தது. வானளாவிய கோபுரங்கள்தான் காரணம் என்று நினைத்துவிடாதே. அவற்றில் பெரும்பங்கு வீடுகளிலும் எங்கள் மண்டபம் போன்ற இரண்டு மூன்று மாடிக் கட்டடங்களிலும் நடப்பவை.

2023 அக்டோபர் 5 காலையில் சிகாகோவில், ஏரிக்கரையில் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் என்ற ஒரே மாநாட்டு அரங்கத்தைச் சுற்றி ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் செத்துக் கிடந்தன. பெரும்பாலும் வலசைச் சிட்டுகள். உள்ளே விளக்குகள் எரிந்தன, வெளியே மேகமூட்டம், மேலே தெற்கு நோக்கிப் போகும் பெருங்கூட்டம். மறு ஆண்டு அந்தக் கண்ணாடி முழுவதும் சிறு சிறு புள்ளிகள் போட்ட ஃபிலிம் ஒட்டினார்கள். சாவு பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. இதைக் கேள்விப்பட்ட பிறகுதான் எனக்குக் கோபம் கூடிற்று. தீர்க்க முடியாத துயரம் என்றால் அழுதுவிட்டுப் போகலாம். இதற்குப் புள்ளி வைத்தால் போதுமாம்! செல்வியின் புது அலுவலகத்தில் சன்னலெல்லாம் அப்படித்தான் புள்ளி வைத்திருக்கிறதாம். டொரன்டோவில் 2010 முதல் புதுக் கட்டடங்களுக்கு இது விதியாகவே இருக்கிறது. அது அழகுக்காக என்று இத்தனை நாள் நினைத்திருந்தாளாம் என் மகள்.

கூட்டத்தின் முடிவு என்ன தெரியுமா? ஒரு கழுகுப் படம். ஒரே ஒரு கறுப்புக் கழுகு ஸ்டிக்கரை அவ்வளவு பெரிய சுவரின் நடுவில் ஒட்டிவிட்டு, தீர்மானத்தை நிறைவேற்றியதாக எழுதிக்கொண்டார்கள். அசையாத கழுகுக்கு எந்தக் குருவியும் பயப்படாது. அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்துக் கண்ணாடியில் மோதும். இடைவெளி உள்ளங்கை அகலத்திற்கு மேல் இருந்தால் நுழைந்துவிடலாம் என்றே அதற்குத் தோன்றும். அதனால்தான் புள்ளிகளை ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக, அதுவும் வெளிப்பக்கத்தில், வைக்கச் சொல்கிறார்கள்.

இன்னொருவர் எழுந்து, செல்போன் கோபுரத்தால்தான் குருவிகள் அழிகின்றன, கண்ணாடியைக் குறை சொல்லாதீர்கள் என்றார். ஒரு சினிமா வந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓயவில்லை. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020-இல் வெளியான நாடளாவிய அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ நிலையாகவே இருக்கிறது, சென்னை உள்ளிட்ட பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றது. பொந்தில்லாத சுவர், பூச்சியில்லாத தோட்டம்: குஞ்சுக்கு ஊட்டப் புழு இல்லாத இடத்தில் குருவி எப்படி இருக்கும்? கோபுரத்தைத் திட்டுவதில் ஒரு வசதி உண்டு. நாம் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

கண்ணாடி ஒன்றுதான் ஆபத்து என்று சொல்ல வரவில்லை. எங்கள் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். பூநாரைகள் வரும்போது செய்தித்தாளில் படம் வருகிறது. அதே சதுப்பின் ஓரத்தில் பெருங்குடிக் குப்பைமேடு இருக்கிறது. மும்பையில் 2024 மே மாதம் விமானம் மோதி ஏறத்தாழ நாற்பது பூநாரைகள் ஒரே இரவில் செத்தன. மஞ்சா நூலோ இவை எல்லாவற்றிலும் கொடியது. கண்ணாடித் தூளையும் வஜ்ஜிரத்தையும் பூசிய பழைய பருத்தி நூலாவது மழையில் மக்கிப் போகும். இப்போதைய நைலான் மக்குவதில்லை. காத்தாடி விட்ட பையன் மறந்து பல மாதம் ஆனபின்னும் அது மரக்கிளைக்கும் கேபிள் வயருக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாமல், இழுத்துக் கட்டியபடியே நிற்கிறது. ஆடி மாதத்தில் தெருமுனைத் தூங்குமூஞ்சி மரத்தில் ஒரு கரும்பருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிறகை அடிக்க அடிக்க நூல் சதைக்குள் இறங்கியது. தீயணைப்பு வீரர்கள் ஏணி வைத்து இறக்கினார்கள். தோள்பட்டையில் எலும்பு வெளியே தெரிந்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது, 2023-இல் தமிழக அரசும் தடை செய்தது. தடை இருக்கிறது, நூலும் இருக்கிறது.

உங்கள் சிவகங்கைப் பக்கத்தை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் நாரைக்கும் கொக்குக்கும் அச்சம் வரக்கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அது யார் போட்ட உத்தரவும் இல்லை, அவர்களாகவே பல ஆண்டுகளாகக் காத்துவரும் கட்டுப்பாடு. இங்கே நள்ளிரவு வரை சரவெடி. மரத்தில் அடைந்திருந்த மடையான்கள் இருட்டில் எழுந்து எங்கே போயின என்று தெரியவில்லை. அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்ல உன்னை அழைத்து வரலாமா என்றுகூட யோசித்தேன். உன் வாய்க்கு முன்னால் எங்கள் செயலர் நிற்க மாட்டார். விடுதியில் நடந்த மூன்றாவது இட்லி விவகாரத்தை நான் மறக்கவில்லை.

இப்போது விஷயத்திற்கு வருகிறேன். ஃபிலிம் ஒட்ட ஆகும் செலவைக் கேட்டதுமே சங்கம் கையை விரித்துவிட்டது. அதைவிட மலிவான வழி ஒன்று உண்டு: கண்ணாடிக்கு வெளியே, மேலே ஒரு குழாயைப் பொருத்தி, அதிலிருந்து மெல்லிய கயிறுகளைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிட வேண்டும். கீழே கட்டக்கூடத் தேவையில்லை, காற்றில் ஆடினால் இன்னும் நல்லது. பறவை விலகிப் போகும். உள்ளிருந்து பார்ப்பவருக்குச் சில நாளில் பழகிவிடும். சோதனைக்குக் கீழ்த்தளத்தில் மட்டும் கட்ட, என் செலவில் என்றால், சம்மதம் வாங்கிவிட்டேன். மேல்தளத்தையும் சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்வது என் திட்டம். அதைச் சங்கத்திடம் சொல்லவில்லை.

திருப்பத்தூர் கடைத்தெருவில் அண்ணனின் பங்காளி ஒருவர் கயிற்றுக் கடை வைத்திருக்கிறார் அல்லவா? மூன்று மில்லிமீட்டர் தடிமன், கரும்பச்சை அல்லது கறுப்பு, மழை வெயிலுக்கு இற்றுப் போகாத ரகமாக, மொத்த விலை என்னவென்று கேட்டு எழுது. சணல் வேண்டாம். சுவர் பன்னிரண்டு மீட்டர் அகலம், ஆறு மீட்டர் உயரம்; 120 கயிறு, ஆக 720 மீட்டர் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஓரத்திற்கும் ஒன்று வேண்டும், 121 என்று நீ திருத்துவாய். திருத்திக்கொள், முடிச்சுக்கும் சேர்த்து விலை கேள். வலசை இன்னும் முடியவில்லை, ஆகவே இந்தக் கடிதத்திற்காவது நீ உடனே பதில் போட வேண்டும்.

அன்புடன்,
கமலா