நாற்றுக்கும் உறைமோர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய தக்காளி நாற்றின் படம் பார்த்தேன். தண்டின் அடி கறுத்துச் சாய்ந்திருக்கிறது, நாற்றழுகல்தான். உன் கைராசியை நொந்துகொள்ளாதே. மூன்று வேளையும் தண்ணீர் ஊற்றினால் யார் கை வைத்தாலும் அழுகும்.

டிரைக்கோடெர்மா போட்டும் பயனில்லை என்கிறாய். நாற்று சாய்ந்த பிறகல்லவா போட்டாய்? நோய்ப் பூஞ்சாணத்தைச் சுற்றி வளைத்துத் தின்னும் பூஞ்சாணம் அது. முன்கூட்டியே மண்ணில் குடியேறியிருக்க வேண்டும்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? போன சித்திரையில் டிரைக்கோடெர்மா பொட்டலத்தை வண்டிப் பெட்டியிலேயே மூன்று நாள் வெயிலில் வேகவிட்டேன். மறுபடி வாங்கிப் போட்ட வாரமே, இலையில் புள்ளி கண்ட பதற்றத்தில் தாமிரப் பூஞ்சாணக்கொல்லியை வேரிலும் ஊற்றினேன். "கொதிக்கிற பாலில் உறை ஊற்றிவிட்டுத் தயிருக்குக் காத்திருங்கள்" என்றாள் அம்மா.

இம்முறை பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 ரகத் தக்காளி விதை அனுப்புகிறேன். முதலில் விதையை டிரைக்கோடெர்மாவில் புரட்டு. ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது கணக்கு; உன் முப்பது விதைக்கு விரல் நுனியில் ஒட்டுவதே அதிகம். விதைக்கும் அன்று அசோஸ்பைரில்லத்தை ஆறிய வடிகஞ்சியில் குழைத்து விதையில் பூசி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்து. காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் பாக்டீரியா இது. தொட்டிக்கு, நன்கு மக்கிய தொழு உரத்தில் டிரைக்கோடெர்மாவைக் கலந்து, ஈரச் சாக்கால் மூடிப் பத்து நாள் நிழலில் வை. எளிதில் தின்ன அதிகமில்லாத வெறும் தென்னை நார்க் கழிவில் போட்டால் அது எப்படி நன்றாகப் பெருகும்?

நடும்போது வேரோடு கூடி வாழும் நல்ல பூஞ்சாணமான வேர்ப்பூஞ்சாணத்தை வேரில் படும்படி குழியில் தூவு. வேர் எட்டாத இடத்து மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அதன் இழைகள் இழுத்து வரும். நீயே மணிச்சத்து உரத்தை அள்ளிப் போட்டால், செடி அதை அண்டவிடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் வாளியில் ஓர் இரவு திறந்து வைத்த பிறகு ஊற்று.

இலை சுருண்டால் இவற்றை நம்பி உட்காராதே. அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்.

தம்பி வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறான். விதையும் புதுப் பொட்டலங்களும் அவனிடம் இருக்கும். எலுமிச்சை ஊறுகாயையும் அதே பையில் வைத்தே தீருவேன் என்கிறாள் அம்மா. சண்டை இன்னும் முடியவில்லை.

அன்புடன்,
அப்பா