மழையில் பார்த்த வீடு

அன்பு மகளுக்கு,

நலமாக இருக்கிறாயா, கண்ணு? நீ சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்துவிட்டு, நேற்று கொட்டுகிற மழையில், நீ வாங்க நினைக்கும் அந்த வீட்டுக்குப் போனேன். உன் அம்மா திட்டினாள். ஆனால் பழைய வீட்டை மழையில்தான் பார்க்க வேண்டும்.

நீ மெச்சிய தரைக்கல், புதுச் சாயம் எல்லாம் இருக்கட்டும். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். என் கவலை சமையலறைதான். பின்னால் எட்டடி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. என் விரல் நுனி நுழைகிறது, தண்ணீர் அதன் வழியாக வழிகிறது. நம் வீட்டிலும் இதேதான் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அடித்தளம் ஆழமாகப் போடாததால் அந்தப் பகுதி மட்டும் தனியாக இறங்கியது. மூன்று முறை சிமெண்டு பூசினேன், மூன்று முறையும் பிளந்தது. நகராண்மைக் கழகம் அனுமதித்த வரைபடம் இருக்கிறதா என்று ஏஜெண்டைக் கேட்டேன். பதில் வரவில்லை.

அப்புறம் கூரைக்குள் ஏறி, திருப்புளிக் காம்பால் மரங்களைத் தட்டினேன். முன்பக்கம் கணீரென்று இருக்கிறது. பின்பக்கம் இரண்டு மரங்கள் பொத்தென்றன, சுவரோரம் மண் கோடும் ஏறியிருக்கிறது. கறையான். அந்தத் தாமான் (குடியிருப்புப் பகுதி) முன்பு ரப்பர்த் தோட்டம், நானே அங்கே பால்மரம் சீவியிருக்கிறேன். மண்ணுக்குள் பழைய வேர்க்கட்டைகள் கிடந்தால் கறையானுக்குச் சொல்லவா வேண்டும்? மருந்துக்கும் மரத்துக்கும் ஆகும் செலவைக் கேட்டு விலையில் குறைக்கச் சொல்.

மெயின் பெட்டி பழைய ஃபியூஸ் வகை, வயரிங்கை மாற்றத்தான் வேண்டும். குழாய்கள் இரும்பு, திறந்ததும் தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்தது.

நல்லதையும் சொல்கிறேன். வாசல் சாலையைவிட உயரம். அத்தனை மழையிலும் கால்வாய் நிரம்பவில்லை. இத்தனை வருடத்தில் வாசற்படிவரை தண்ணீர் வந்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார். அதனால்தான் இந்த வீட்டை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நிலப் பட்டாவைப் பார்க்காமல் ஒரு காசு கொடுக்காதே. உன் தாத்தா ஆயுசு முழுக்க லயத்தில், தோட்டம் கொடுத்த வரிசை வீட்டில், இருந்தார். தோட்டம் கைமாறியபோது நம்மிடம் காட்ட ஒரு காகிதம் இல்லை. நில அலுவலகத்தில் தேடல் செய்தால் நிலம் யார் பெயரில் இருக்கிறது, நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, அடமானமோ, உரிமை கோருபவர் பதிந்து வைக்கும் கேவியட் என்ற தடையோ உண்டா என்பதெல்லாம் தெரியும். குத்தகை என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்று பார்க்க வேண்டும், பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதலும் தேவைப்படலாம். மலாய்க்காரர்களுக்கென்றே ஒதுக்கிய நிலமாக இருந்தால் நம் பெயருக்கு மாற்றவே முடியாது.

10 விழுக்காடு முன்பணம் என்று ஏஜெண்ட் அவசரப்படுத்துவார். செவ்வாய்க்கிழமை நானே நில அலுவலகத்துக்குப் போகிறேன். லாட் எண்ணை, அதாவது மனை எண்ணை மட்டும் அவரிடம் வாங்கி இன்றிரவே அனுப்பு.

அன்புடன்,
அப்பா